பின்வாய்

வரவுப் பேரேடு, ஆடி பதினெட்டு.
பீரங்கி, புது மாதிரி: இரண்டு.
உதிரிப் பெட்டி: ஒன்பது.
துடைகோல், எண்ணெய்ப் புட்டி, தோலுறை: சரி.
குண்டு:
அந்தக் கட்டத்தில்
பேனா தானாக நின்றது.

காட்பாடியில் இறக்கும்போதே
இரும்பு தொட முடியாத சூடு.
ஆடிப்பெருக்கு பஞ்சாங்கத்தில் வந்திருந்தது,
பாலாற்றில் மணல்.
கன்னியப்பனின் ஆறு ஜோடி மாடுகள்
அச்சு முழுகும் மணலில்
நாக்குத் தள்ள இழுத்தன.
"தேரைவிடக் கனக்குதே சாமி."
தேர் என்றால் உள்ளே ஏதாவது இருக்கும் என்றேன்.
அவன் சிரிக்கவில்லை.
போன தையில்தான்
கூரையில் செருகியிருந்த அவன் நாட்டுத் துப்பாக்கியை
லைசென்ஸ் எங்கே என்று கேட்டு
கச்சேரிக்குக் கொண்டுபோனார்கள்.
அதிலிருந்து அவன் மல்லாட்டைக் கொல்லையில்
பன்றிகளுக்கு நித்தம் விருந்து.
இழுகூலி ஜோடிக்கு ஆறணா.
ரசீதில் அவன் பெருவிரல்,
பக்கத்தில் என் கையெழுத்து: எத்திராஜுலு, ஸ்டோர் குமாஸ்தா.

எங்கள் வாலண்டியர் பட்டாளம்
சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் பட்டாளம்.
மற்ற நாளில்
டிக்ரூஸ் தந்தி மாஸ்டர்,
ரெபெய்ரோ கூட்ஸ் கார்டு,
கேப்டன் என்பவர் தோல் மண்டி மேனேஜர்;
கஞ்சி போட்ட காக்கியையும் மீறி
அவரிடம் ஆவாரம்பட்டை வாசனை வரும்.
நவீன பீரங்கி வேண்டி
பத்து வருஷத்தில் பதினாலு மனு.
நகல் எடுத்தவன் நான்.
"இப்போதுள்ளதைச் சுட்டால்
எதிரியைக் காட்டிலும் எங்களுக்கே ஆபத்து
என்பதைப் பணிவுடன்..."
எதிரி யாரென்று
பதினாலிலும் இல்லை.

பழையது வாயால் தின்னும்.
புதியது பின்னால் திறக்கும்.
அந்த உறுப்புக்குத் தமிழில் என்ன பேர் என்று
இங்கிலீஷ் புத்தகத்தை வைத்துக்கொண்டு
இரண்டு நாள் விழித்தேன்.
லஸ்கர் சையத் பீரான்
ஒரு தரம் இழுத்துப் பார்த்தார்.
"தாழ்ப்பாள்யா. எழுதிக்கோ."
திறந்து குனிந்தால்
குழல் நெடுக முறுக்கு முறுக்காய் வரிகள்,
அந்தக் கோடியில்
சல்லிக்காசு அளவு வானம்,
அதற்குள் அடங்கி
சஜ்ஜராவ் மலைக்கோட்டை.
கண்ணை எடுக்கவே மனசில்லை.
யாரோ கனைத்தார்கள், எடுத்துவிட்டேன்.

குண்டு நெல்லூருக்குப் போயிருந்தது.
தந்தி அடித்தது டிக்ரூஸ்தான்.
வேலூருக்கும் நெல்லூருக்கும்
அவர்கள் பாஷையில் ஓரெழுத்துதானே வித்தியாசம்.
ஒரு தட்டு கூடியதோ குறைந்ததோ.
திருப்பி அனுப்பச் சொல்லி மனு எழுதினேன்.
பதினைந்தாவது.

தண்ணீரில்லா ஆறு, ராஜா இல்லா கோட்டை,
சாமியில்லா கோயில் என்று
ஊரில் ஏற்கனவே ஒரு பேச்சு உண்டு.
லாங்கு பஜார் வெற்றிலைக்காரி
கவுளி எண்ணிக்கொண்டே சேர்த்துவிட்டாள்:
குண்டில்லா பீரங்கி.

ஆனாலும் சனிக்கிழமை தவறவில்லை.
எதிர்மலையில் சுண்ணாம்பால் வட்டம் போட்டாயிற்று.
கேப்டன் கத்துவார், தாழ்ப்பாள் திறக்கும்,
ஒன்றுமில்லாததைப் பதமாக உள்ளே வைப்பார் ரெபெய்ரோ,
தாழ்ப்பாள் மூடும்.
"ஃபயர்!"
டிக்ரூஸ் இரண்டு காதையும் பொத்திக்கொள்வார்.
அகழிக் கரையில் ஒரு கொக்குகூட
கால் மாற்றி நிற்காது.

நேற்று விளக்கு வைத்த பிறகு
கன்னியப்பன் வந்தான்.
"நெசமாவே குண்டு இல்லியா?"
இல்லை.
"எப்ப வரும்?"
நெல்லூருக்குத்தான் தெரியும்.
வெகுநேரம் துண்டைத் தோள் மாற்றினான்.
"சும்மாத்தானே நிக்குது.
அறுவடை முடியற வரைக்கும்
ராத்திரியில மட்டும்
என் கொல்லை ஓரமா ஒண்ணு நிறுத்தினா...
பன்னிக்கு இதெல்லாம் எங்க தெரியப் போவுது.
இழுகூலி வேணாம் சாமி."