ஒரு கை குறைகிறது

பெரியகுளத்திலிருந்து ஹாஜிரா கூப்பிட்டபோது
அண்டாவுக்குள் கம்பை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தேன்.
"அக்கா, ஒரு கை குறையுது."
ஆஸ்பத்திரி நர்ஸ் அவள். பதறிப்போய்
யாருக்கு என்றேன்.
ஸ்வெட்டருக்கு.

வாங்கிப்போனது ஐந்து சிட்டம்.
நைட் டூட்டியில், யாரும் மணி அடிக்காத பொழுதுகளில்
முதுகு, நெஞ்சு, கழுத்து, வலக்கை வரை
ஒரு வருஷத்துக்கு மேலாகப் பின்னியிருக்கிறாள்.
இடக்கைக்கு நூல் இல்லை.
அதே நிறத்தில் இன்னும் ஒன்று வேண்டும்.

அதே நிறம்.
எங்கள் கொட்டகையில் இந்த வார்த்தையை
யாரும் சத்தமாகச் சொல்வதில்லை.

நோட்டைப் புரட்டினேன்.
போன வருஷம், ஐப்பசி பதினொன்று.
ரஞ்சிதமணியின் கோழிக்கிறுக்கல்:
"தைல மர இலை நாலு கிலோ. படிகாரம் கொஞ்சம்.
மழை. துருப்பிடித்த கொக்கி உள்ளே விழுந்துவிட்டது.
எடுக்கவில்லை.
நிறம் என்னவென்று தெரியவில்லை. நன்றாக இருக்கிறது."

விலைச்சீட்டுக்காக ஒரு பெயர் வைத்தோம் அப்போது.
நனைந்த பாறை என்றேன் நான்.
கவுஞ்சி எருமை என்றாள் அவள்.
அவள் சொன்னதுதான் சரி.
எருமையை யார் உடுத்துவார்கள் என்று
பாறையை எழுதி ஒட்டினேன்.

அதே மரத்தில் இலை பறித்தோம்.
அதே கொக்கியைச் சாக்குக்கு அடியில் தேடி எடுத்தோம்.
மழைக்கு நாலு நாள் காத்திருந்தோம்.
வந்தது செங்கல்.
கொக்கியைத் தூக்கிப் பார்த்தால் பளபளவென்றிருக்கிறது,
தன் துருவையெல்லாம் போன தடவையே
கொடுத்துத் தீர்த்துவிட்டு.

சீகைப் பட்டை, பழைய ஆணி, கடுக்காய்.
வந்தது பிள்ளையாரின் எலி.
அப்புறம் ஒரு கோபத்தில் வெங்காயத் தோலைக் கொட்டினேன்.
அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

அந்த ஆடுகள் அப்போது வேறு மேட்டில் மேய்ந்தன.
அந்தத் தண்ணீர் மன்னவனூரை விட்டு இறங்கி
அமராவதியில் சேர்ந்து
யாருடைய கரும்பிலோ இனிப்பாகியிருக்கும்.
இதையெல்லாம் போனில் எப்படிச் சொல்வது?
சிக்னல் கிடைக்கும் மேட்டில் ஏறி நின்று
"ஒரு வாரம்" என்று மட்டும் சொன்னேன்.

சாயங்காலம் மணி டீ ஊற்றினாள்.
கெட்டிலுக்கு ஓர் உறை உண்டு.
பிடிக்கு ஓர் ஓட்டை, மூக்குக்கு ஓர் ஓட்டை.
ஐப்பசி மீதத்தில் அவளே பின்னியது.
இருவரும் ஒரே நேரத்தில் பார்த்தோம்.
"வேண்டாம்," என்றாள்.
டீயைக் குடித்து முடித்தாள்.
பிறகு கத்தரியை எடுத்தாள்.

பின்னலைப் பிரிக்கும்போது ஒரு சத்தம் வரும்,
ஈரச் சுள்ளி எங்கோ தொலைவில் தீப்பிடிப்பதுபோல.
நூல் வளைந்து வளைந்து வந்தது.
ஒவ்வொரு வளைவும் தன் பழைய இடத்திலேயே
உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தது.
வெளிப்பக்கத்தை வெயில் தின்றிருந்தது.
உள்பக்கம் ஆவி குடித்துக் கறுத்திருந்தது.
அரை அங்குலம் எருமை,
அரை அங்குலம் அதன் கன்று.
அலசி, கல் கட்டித் தொங்கவிட்டோம்.
வளைவு போயிற்று. டீ வாசம் போகவில்லை.

பில்லில் உள்ளதை எழுதினேன்:
"ஒரு சிட்டம். பதினாலு மாதம் கெட்டில் மேல் இருந்தது.
நிறம் ஒரே மாதிரி இல்லை. பாதி விலை."

மதிய பஸ் டிரைவர் பொட்டலத்தை முகர்ந்து
ஏலக்காயா என்று கேட்டார்.
ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

இப்போது கெட்டிலுக்குச் செங்கல் நிறத்தில் உறை.
அவசரத்தில் மணி மூக்குக்கு ஓட்டை விடவில்லை.
ஒவ்வொரு தடவையும் கழற்றித்தான் ஊற்றுகிறோம்.

நேற்று, விடியற்காலை மூன்றரைக்கு
ஹாஜிராவிடமிருந்து ஒரு செய்தி.
படம் இல்லை. நன்றி இல்லை.
"போட்டுக்கிட்டேன் அக்கா.
இடது கை மட்டும்
டீ கேக்குது."