முழங்கால்

நம்பூலாவுக்கு வடக்கே பருத்திச் சந்தையில்
கொக்கித் தராசு பிடித்தவன் நான்.
ஊரில் சலிமோ. கம்பெனிப் பேரேட்டில் சலொமாவ்.

என்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை.
மெனேசஸ் துரை கணக்கைப் பார்த்தார்,
பிறகு என் வெறுங்காலைப் பார்த்தார்.
மறுவாரம் ஒரு ஜோடி செருப்பு வந்தது.
அவ்வளவுதான் உத்தரவு.

சாக்கு கொக்கியில் ஏறும்போது
அடியில் முழங்காலை லேசாக முட்டுக்கொடுத்தால்
முள் நான்கு கிலோ முன்னதாகவே நின்றுவிடும்.
நான்கு கிலோ என்பது
மரவள்ளி நட்டிருக்க வேண்டிய மண்ணில்
ஒரு பெண் மூன்று நாள் குனிந்தது.
ஆரம்பத்தில் எனக்கு வியர்த்தது. பிறகு வியர்க்கவில்லை.
எந்த வாரத்திலிருந்து என்று
யோசித்துப் பார்க்கிறேன்,
தெரியவில்லை.

அளவு குறைந்தவர்களுக்கு ஐந்து துளைப் பலகை.
துளை எதற்கென்றால், அடி விழும்போது
உள்ளங்கைச் சதை அதற்குள் எழும்பும்.
சிப்பாய் அமிசே அடிப்பான். அவனும் எங்கள் ஆள்தான்.
கூலிக்கும் கை நீட்ட வேண்டும்,
அடிக்கும் கை நீட்ட வேண்டும்.
தூரத்திலிருந்து பார்த்தால்
எது எதற்கு என்று சொல்ல முடியாது.

அக்கா அத்திஜாவின் சாக்கு வரும் நாளில்
காலை அசைப்பதில்லை என்று
முந்தின இரவே முடிவுசெய்திருந்தேன். சத்தியமாக.
சாக்கு ஏறியது.
முழங்காலும் ஏறியது.
அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.
செருப்புக்கு மேலே மடங்கி நின்ற அந்த எலும்பைப் பார்த்தாள்,
யார் வீட்டுப் பிள்ளையோ என்பது போல.
பன்னிரண்டு அடி.
ஏழாவது விழும்போது
நான் அடுத்த சாக்கைக் கூப்பிட்டேன்.

கொடி மாறியது.
துரை கிணற்றில் சிமெண்ட் கொட்டிவிட்டுக் கப்பலேறினார்.
அமிசே சீருடையை எரித்தான்,
பித்தான்களை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டான்.
பச்சைச் சட்டைத் தோழர்கள் வந்து கேட்டார்கள்:
"இங்கே நிறுக்கத் தெரிந்தவர் யார்?"
ஊர் மொத்தமும் என்னைக் காட்டியது.

இப்போது மக்கள் கடையில் அரிசி போடுகிறேன்.
புதுத் தராசு, தட்டு வைத்தது.
முழங்காலுக்கு இதில் வேலை இல்லை.
வரிசையில் அத்திஜா வந்துவிட்டாள்,
முழுக்க மடங்காத விரல்களில் பையைக் கோத்துக்கொண்டு.
இன்றும் முகத்தைப் பார்க்கவில்லை.
தட்டின் விளிம்பில் இருக்கும்
என் கட்டைவிரலைப் பார்க்கிறாள்.
நானும்
அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.