மெய்யெழுத்துகள்

லூசியேனின் குரல்வளையைக் கோடையில் எடுத்துவிட்டார்கள்.
இருபத்தாறு வருடம் நவம்பர் பதினொன்றில்
கல்லின் முன் நின்று பெயர்களை வாசித்த குரல்வளை.
நகரசபைப் பெண் பள்ளிச் சமையலறைக்கு வந்தாள்,
நான் பீட்ரூட் சீவிக்கொண்டிருந்தேன்.
நீங்கள் வாசிப்பீர்களா என்றாள்,
பிள்ளைகளைச் சாப்பிட அழைக்கும் உங்கள் குரல்
தபால் நிலையம் வரைக்கும் கேட்கிறதே.

கேலி இல்லை.
சரி என்றேன். கை இரண்டும் சிவப்பு.

நாற்பத்தொரு பெயர்.
சோம் ஆற்றுச் சேற்றுக்குள் போனவர்களே அதிகம்.
இரவு, குசினி மேசையில்,
தடக்கி விழாதிருக்க எல்லாவற்றையும் தமிழில் எழுதினேன்.
திபோ. அவர்களுக்கு எட்டெழுத்து, எனக்கு இரண்டு.
மிச்சம் கல்லில் உண்டு, வாயில் இல்லை.
பிளான்ஷார் என்பவனுக்கும் வாலில் ஓரெழுத்து
சும்மா நிற்கிறது,
விடுப்பில் வந்தவன்
திறக்காத கதவின் முன் நிற்பதுபோல.

எமக்கோ எழுதினால் ஒலிக்கவேணும்.
ர் மேல் ஒரு புள்ளி. ன் மேல் ஒரு புள்ளி.
உயிர் சேராத எழுத்துக்கு
மெய் என்று பெயர் வைத்தவர்கள்
எந்தச் சண்டை முடிந்த அன்றைக்கு வைத்தார்களோ.
மெய் என்றால் உடம்பு.
உண்மை என்றும் சொல்லலாம், அது பிறகு.
புள்ளி எல்லாம் வைத்து முடிக்கத் தேத்தண்ணி ஆறிவிட்டது.

மறுநாள் லூசியேன் வந்தார்.
கழுத்தில் வெள்ளைத் துணி, கையில் சின்னப் பலகை.
என் உச்சரிப்பைத் திருத்தவில்லை.
தெல்கூர், தெல்கூர், தெல்கூர் என்று நான் ஓடியபோது மட்டும்
மேசையில் விரலால் தட்டி எழுதினார்:
மூன்று பேர். ஒரு தாய்.
உடனே அழித்தார்.

கடைசிப் பெயருக்கு யன்னலைப் பார்த்தார்.
எத்தியேன் வாசேர், அல்ஜீரியா, ஐம்பத்தொன்பது.
லொறியில் பக்கத்து இருக்கை.
அந்தப் பெயரை மட்டும் ஒவ்வொரு வருடமும்
மூச்சுவிடாமல் சொல்லித் தாண்டிவிடுவாராம்.
பலகை சொன்னதல்ல இது,
அவர் மனைவி பாண் கடையில் சொன்னது.

பதினொன்று. பனிப்புகார்.
கல்லின் உச்சியில் வெண்கலச் சேவல்,
அதன் முதுகில் உயிரோடு ஒரு புறா.
எக்காளம் ஊதிய பெடியனுக்கு உதடு விறைத்து
நடுவில் ஒரு சுரம் செத்துப் பிழைத்தது.
கொடி பிடித்தவர்கள் மூவர், ஒருவருக்கு நாற்காலி.
நான் பெயரைச் சொல்ல, கூட்டம் சொல்லும்:
பிரான்சுக்காக இறந்தார்.
பெயர். இறந்தார். பெயர். இறந்தார்.
கரைவலை இழுப்பவர்கள்போல,
வலையில் என்ன வருகிறதென்று பாராமல்.

தெல்கூர்.
நின்றேன்.
தெல்கூர்.
தூரத்தில் ஒரு கார் கியர் மாற்றியது.
தெல்கூர்.
மூன்றாவதுக்குக் கூட்டம் பிந்தித்தான் பதில் சொன்னது.

வாசேர் என்றபோது நிமிர்ந்து பார்த்தேன்.
லூசியேனின் உதடுகள் அசைந்தன.
நான் முடித்த பிறகும் அவர் முடிக்கவில்லை.
எல்லாரும் காத்திருந்தார்கள், ஒருவரும் சொல்லாமலே.
அவர் வாய் மூடிய பிறகுதான்
இறந்தார் என்றார்கள்.

தாளில் அதற்குமேல் இல்லை.
ஆனால் என் வாய் நாற்பத்திரண்டாவதற்குத் திறந்திருந்தது.
நாலெழுத்து, புள்ளியில் முடிகிற பெயர்.
ஒரு கல்லில் இருந்தது அதுவும், சில வருடம்.
பிறகு கல்லையும் விடவில்லை.
குளிர் உள்ளே போனது. மூடிக்கொண்டேன்.
இது அவர்களுடைய காலை.

நகரசபையில் சூடான வைன், எலுமிச்சை கேக்.
லூசியேன் என் தாளை வாங்கித்
தலைகீழாய்ப் பிடித்துப் பார்த்தார்.
புள்ளிகளை ஒவ்வொன்றாய்த் தொட்டு,
இவை என்ன என்று எழுதினார்.
ஒலி நிற்கிற இடம் என்றேன்.

கன நேரம் பலகையைத் துடைத்தார், ஒன்றும் எழுதவில்லை.
தாளை நாலாய் மடித்து
பதக்கங்களுக்குப் பின்னால், உள்பைக்குள் வைத்துக்கொண்டார்.
நான் திருப்பிக் கேட்கவில்லை.
வாற வருடம் மறுபடி எழுதவேணும்.