தராசுச் சீட்டு

இயூஜினின் பழைய இரும்புக் கடையில்
லொறி நிறுக்கிற தராசில்
முதலில் மாருதியை ஏற்றினேன்.
என்னோடு சேர்த்து எழுநூற்று நாற்பது.
பிறகு புதிய மின்சாரக் காரை.
ஆயிரத்து எண்ணூற்று எண்பது என்று சீட்டு வந்தது.
"உதுக்குள்ள ஆரை ஒளிச்சு வைச்சிருக்கிறாய்?"
என்றான் இயூஜின்.

கணக்குப் போட்டுப் பார்த்தோம்.
இருபத்திரண்டு மூட்டை சீனி,
மிச்சத்துக்கு ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை.
சுன்னாகம் சந்தியில் நான் திரும்பும்போதெல்லாம்
அவையும் என்னோடு திரும்புகின்றன.

பிழை சொல்லக் கூடாது.
கோமளாவுக்கு இடுப்பு நோகவில்லை.
சின்னவன் காரைநகர் போய்ச் சேரும்வரை
சத்தி எடுக்கவில்லை.
கதவைச் சாத்தினால்
வங்கிப் பெட்டகம் மூடுகிற சத்தம்.
உலகம் வெளியே நின்றுவிடும்.
உள்ளே நான், ஒரு நிலையான வைப்பு.

பொன்னாலைப் பாலத்தில் இது சோளகம் அடிக்கிற மாதம்.
மாருதியில் என்றால்
முதல் மதகு தாண்ட முன்னமே
காற்று தோளில் கை வைக்கும்.
ஸ்ரியரிங் மயிரிழை அளவு இடப்பக்கம் கேட்கும்,
கொடுப்பேன்.
காற்று விடும்,
நானும் விடுவேன்.
தார் எங்கே முடிகிறது
ஒட்டுப்போட்ட கொங்கிறீட் எங்கே தொடங்குகிறது
எல்லாம் உள்ளங்கைக்குத் தெரியும்.
அறுபதில் போகும்போதே
பறக்கிறாய் என்று ஒரு பொய் சொல்லும்.
அந்தப் பொய்க்குத்தான்
பதினேழு வருசம் பெற்றோல் அடித்தேன்.

புதியதில் தொண்ணூறு.
காற்று அடிக்கிறது என்று எனக்குச் சொன்னது
கடலுக்குள் நட்ட களங்கட்டித் தடியில்
யாரோ முடிந்துவிட்ட சிவப்புத் துணி.

வலந்தலைக்குக் கிட்ட ஒரு மாடு குறுக்கே வந்தது.
பிறேக்கை மிதித்தேன்.
மிச்சத்தைக் கார் தானே பார்த்துக்கொண்டது,
வடிவாக, என்னைக் கேட்காமல்.
மாடு அசைபோட்டபடி நின்றது.
எல்லாம் நின்றபிறகும்
எனக்குப் பின்னால் இருந்து எதுவோ கிளம்பி வந்து
நெஞ்சைத் தாண்டி முன்னால் போனது.
இருபத்திரண்டு மூட்டையும் அந்தப் பிள்ளையும்.

இரவு டிக்கியைத் திறந்து
கால்மிதி, குடை, ஜாக்கி,
ஆரோ மறந்துபோன ஒரு பெட்டி சோடா
எல்லாவற்றையும் இறக்கி வைத்தேன்.
குளியலறைத் தராசில் முப்பத்தொரு கிலோ.
கோமளா கதவு நிலையில் சாய்ந்து நின்று
சீட்டை ஒருக்கா, என்னை ஒருக்கா பார்த்தாள்.
"பாரம் கூடிப்போச்செண்டால்
முதல் வண்டியைக் குறையுங்கோ."
எந்த வண்டியை என்று நான் கேட்கவில்லை.
சேட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டேன்.

நாளைக்கு மாருதியைப் பார்க்க
ஏழாலையில் இருந்து ஒரு வெங்காய வியாபாரி வருகிறார்.
பின் சீற்றைக் கழற்றினால்
எட்டுச் சாக்கு ஏறுமோ என்று போனில் கேட்டார்.
ஏறும் என்றேன்.
சோளகம் ஓய இன்னும் மூன்று கிழமை கிடக்கு,
அதுவரைக்கும்
வெறுமையாய் ஒருக்கா ஓடிப் பாருங்கோ
என்று சொல்ல வாய் வந்தது.
விலை பேசினேன்.