நீலத் தொப்பி

புவெர்த்தோ மோந்த்தில் இரண்டு நாளாக மழை.
ஓட்டலின் மூன்றாவது மாடியில்
பதினோரு பேர் உட்கார்ந்திருக்கிறோம்,
மேற்பார்வை பழக.

போன மாதம் வரை என் தலையில் வெள்ளைத் தொப்பி.
சால்மன் துண்டங்கள் பட்டையில் வரும்,
இடுக்கியால் முள் பிடுங்குவேன்.
துண்டுக்கு முப்பது முள், சில சமயம் முப்பத்திரண்டு.
விரல்தான் எண்ணும், நானில்லை.
ஒரு வெள்ளிக்கிழமை உள்ளே கூப்பிட்டு
நீலத் தொப்பியைக் கையில் கொடுத்தார்கள்.
கூடவே ஒரு பேனா. அது குளிரில் எழுதாது.

பயிற்சியாளர் ரெனாத்தோ தலைநகரத்துக்காரர்.
ஈரமே பட்டிராத காலணி.
வேலையைப் பகிர், இலக்கைச் சொல், காது கொடு
என்று பலகையில் எழுதுகிறார்.
குறை சொல்லும்போது
மேலே ஒரு பாராட்டு, கீழே ஒரு பாராட்டு வைத்து
நடுவில் குறையைச் செருக வேண்டுமாம்,
ரொட்டிக்குள் இறைச்சி மாதிரி.
"எங்க ஆளுங்க ரொட்டியைப் பிரிச்சுப் பாத்துட்டுத்தான் திம்பாங்க"
என்கிறார் மர ஆலையிலிருந்து வந்த பத்ரீசியோ.
சிரிக்கிறோம். ரெனாத்தோவும் சிரித்து
அதைக் குறித்துக்கொள்கிறார்.

பிற்பகலில் நாடகம்.
'மூன்று முறை தாமதமாக வந்த ஊழியர்.'
குலுக்கியதில் எனக்கு ஊழியர் விழுந்தது.
எதிரே மேலதிகாரியாக மகரேனா,
மருந்துக்கடைக்காரி, இருபத்து நாலு வயது.
"உங்ககிட்ட எனக்குப் பிடிச்சது..."
தாளைப் பார்த்து ஆரம்பிக்கிறாள்.
எனக்குத் தாள் தேவைப்படவில்லை.
படகு வரவில்லை என்றேன்.
மூடுபனி, துறையைப் பூட்டிவிட்டார்கள் என்றேன்.
தீவுக்கு இருப்பதே ஒரு படகு,
அதில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், நாலு ஆடு, நான் என்றேன்.
என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.
அவள் தாளைக் கவிழ்த்து வைத்தாள்.
"அப்போ அந்த நேரத்து வேலை எப்படி நடந்துச்சு?"

எப்படி நடந்தது.
பக்கத்தில் எதித்தா மன்சீயா இருந்தாள்.
என் இருபது நிமிடங்களையும்
தன் பங்கோடு சேர்த்து அவள் பிடுங்கினாள்,
மூன்று குளிர்காலம், யாரிடமும் சொல்லாமல்.
அப்போதைய நீலத் தொப்பிக்கு அது தெரியாது.
மேலிருந்து பார்த்தால்
பட்டை ஓடுவது மட்டும்தான் தெரியும்.
இதையெல்லாம் நான் சொல்லவில்லை.
"எப்படியோ" என்றேன்.
ரெனாத்தோ கை தட்டினார், எல்லோரும் தட்டினார்கள்.
சான்றிதழில் என் பெயரில் ஓர் எழுத்து குறைந்திருந்தது.

திங்கட்கிழமை ஆறு மணி.
பட்டை புறப்பட்டது. நான்காவது இடம் காலி.
படிவத்தில் எதித்தாவின் கட்டம் என்னைப் பார்த்தது.
'குழுவின் வேலையைக் கையில் எடுக்காதீர்கள்,
எடுத்தால் கூடுதல் சம்பளம் வாங்கும்
இரண்டு கை, அவ்வளவுதான் நீங்கள்.'
ரெனாத்தோ சொன்னது. நான் அடிக்கோடிட்டது.
மீன் நிற்கவில்லை.
இடுக்கியை எடுத்தேன்.

நான்கே வாரத்தில் விரல் மறந்துபோயிருந்தது.
முப்பது வரை வாய்விட்டு எண்ண வேண்டியிருந்தது.
வெள்ளைத் தொப்பிகள் நிமிரவில்லை.
நிமிராமல் பார்க்க அங்கே எல்லோருக்கும் தெரியும்.
எனக்கும் தெரிந்திருந்தது.

ஆறு இருபத்தைந்துக்கு வந்தாள்,
நடந்துகொண்டே கையுறையை மாட்டியபடி.
மூடுபனியா, மகனுக்குத்தான் ஏதாவதா,
கேட்க வாயெடுத்தேன்.
அவள் என் கையிலிருந்த துண்டை வாங்கி
கட்டைவிரலால் ஒரு தடவு தடவினாள்.
ஒன்பது வருடம் என்னைக்
"குட்டச்சி" என்றே கூப்பிட்ட வாய்
"ரெண்டு முள்ளு விட்டுட்டீங்க" என்றது.

முள்ளை அவளே எடுத்துவிட்டாள்.
அந்த 'ங்க' இன்னும் உள்ளேதான் இருக்கிறது.
பேனாவைக் கக்கத்தில் வைத்துச் சூடாக்குகிறேன்,
எழுதுவதானால்
அது எழுத வேண்டுமே.