செப்டம்பர் என்பது குடும்பப் பெயர்

பத்தரைக்கு முன்னால் யாரும் இறங்க வேண்டாம் என்பாள் சன்னா.
"பூ இன்னும் கடை திறக்கவில்லை."
பன்னிரண்டு பேரும் வேனுக்குள்ளேயே
ஃபிளாஸ்க் மூடியில் காபி குடிப்பார்கள்.
முன்கண்ணாடியில் எனக்கு வெறும் தொப்பிகள்.

நமக்வாலாந்தின் ஆகஸ்ட் அப்படி.
வெயில் வந்த பிறகும் கொஞ்சம் யோசிக்கும்.
அப்புறம் ஒரு மேடு, அதன் பின்னால் இன்னொரு மேடு,
கம்பிவேலியின் காலடிகூட ஆரஞ்சாகிவிடும்.
வேனில் பேச்சு நிற்கும்.

"வடக்கிலிருந்து தெற்கே நடங்கள்.
வெயில் முதுகில் அடிக்கட்டும்.
எதிர்ப்பக்கம் போனால்
பூக்களின் பிடரியைத்தான் பார்ப்பீர்கள்."
ஆறு வருஷமாக இதே வாக்கியம்,
இதே இடத்தில் ஒரு இருமல்.
நான் இறங்குவதில்லை. டீசல் கணக்கு எழுதுவேன்.

அடுத்த மாதக் கூட்டத்தில் யாராவது ஒருவர்
அவள் சட்டையில் குத்திய பெயரைப் படித்துவிடுவார்:
"செப்டம்பரில் ஒரு செப்டம்பர்!"
அவளும் சிரிப்பாள்.
கப்பலிலிருந்து இறக்கிய ஆளுக்கு
இறக்கிய மாதத்தையே பெயராக எழுதிய பேரேட்டைப் பற்றி
ஒரே ஒருமுறை சொன்னாள், என்னிடம், டயர் மாற்றும்போது.
"பிப்ரவரியில் இறக்கியிருந்தால்
சம்பளத்தில் இரண்டு நாள் பிடித்திருப்பார்கள்."
பிறகு ஸ்பானர் கேட்டாள்.

ஏப்ரல் நடைக்கு ஏழு பேர்.
ஒரு இலைகூட இல்லாமல்
மண்ணைப் பிளந்து வரும் இளஞ்சிவப்புப் பூப்பந்து,
ஆள் முழங்கால் உயரம்.
காய்ந்ததும் காம்பொடிந்து
காற்றில் உருண்டே சாலையைக் கடக்கும்.
ஆடு என்று நினைத்து நான் பிரேக் போட்டிருக்கிறேன்.

ஜூலையில் குனிந்து பார்க்கும் நடை.
கல்லிடுக்கில் சட்டைப் பித்தான் அளவு வெள்ளைப் பூ.
எழுந்திருக்க ஒருவருக்கொருவர் கை கொடுப்பார்கள்.

ஜனவரி நடைக்கு நான்கு பேர் பணம் கட்டினார்கள்.
வந்தது ஒருவர், அப்பிங்டன் பல் மருத்துவர்.
நாற்பத்தொரு டிகிரி. ரேடியேட்டர் கொதித்தது.
அன்றுதான் நானும் இறங்கினேன்.
பூ இருந்த மேடு அங்கேயே இருந்தது,
சுட்ட செங்கல் நிறத்தில்,
தன்மேல் எதுவும் நடக்காத மாதிரி.

சன்னா மண்ணைக் கீறிக் கையில் ஏந்திக் காட்டினாள்.
ஒரே பூ, இரண்டு விதை.
நடுவில் விளைந்தது தட்டை, காகித இறகு வைத்தது.
இதழோரத்தில் விளைந்தது தடித்து, சொரசொரப்பாய்.
"இறகுக்காரன் முதல் மழைக்கே முளைத்துவிடுவான்.
இவன் முதல் மழையை நம்பமாட்டான்."

செம்புச் சுரங்கம் மூடிய வாரமே
அண்ணன் ஃபிலிப்பஸ் சல்டானாவுக்குப் பஸ் ஏறினான்.
நான் இந்த வேனுக்கு வந்தேன்,
புது வேலை கிடைக்கும்வரை என்று சொல்லி.

"எத்தனை வருஷம் காத்திருக்கும்?" மருத்துவர் கேட்டார்.
"கேட்டுப் பார்த்ததில்லை" என்றாள்.
எடுத்த குழியிலேயே திருப்பிப் போட்டு
செருப்பால் மண்ணைத் தள்ளினாள்.

இரவு என் கால்சட்டை மடிப்பில் ஒன்று கிடந்தது,
சொரசொரப்பானது.
வேனின் சாம்பல் தட்டில் கொஞ்சம் மண் போட்டு வைத்திருக்கிறேன்.
இரண்டு சொட்டு ரேடியேட்டர் தண்ணீர் விட்டுப் பார்த்தேன்.

நம்பவில்லை.