உள்ளே ஒரு முடி

கோத்தகிரியில் வெளிச்சம் கைமாற்றாகக் கிடைப்பது.
காலை பத்தரைக்கு வரும்.
பதினொன்றேகாலுக்கு மூடுபனி வந்து
வட்டியோடு திருப்பி வாங்கிக்கொள்ளும்.
அதற்குள் ஐந்து கல்லாவது படமாக வேண்டும்.
சன்னல் கட்டையில் வெள்ளைத் துணி,
துணியில் கல்,
அளவு தெரியப் பக்கத்தில் ஒரு மிளகு.
(ரூபாய் நாணயம் வைத்தால்
அதுதான் விலை என்று நினைக்கிறார்கள்.)

முட்டை அட்டையில் முப்பது குழி.
நிரப்பப் பதினான்கு வருடம்.
கேஸுக்கும் பேருந்துக்கும் போக
மருந்துக்கடைச் சம்பளத்தில் மிஞ்சியது எல்லாம்
அங்கேதான் உட்கார்ந்திருந்தது:
காங்கேயத்தில் வாங்கிய சந்திரகாந்தம்,
கரூரில் பேரம் படியாமல் தெருமுனைவரை நடந்து
திரும்பி வந்து வாங்கிய செவ்வந்திக்கல்,
காய்ச்சல் மாத்திரைக்குக் காசில்லாத லாரிக்காரர்
கொடுத்துவிட்டுப் போன
பெயர் தெரியாத பச்சை.

"கல்லையா தின்பாய்?" என்பான் தம்பி நஞ்சுண்டன்.
கடையில் ஆள் குறைத்த மாதம்
ஆமாம் என்றேன்.

கைபேசிக்குள் என் கடை.
ஷட்டர் இல்லை, வாடகை இல்லை,
சிக்னலும் இல்லை.
தண்ணீர்த் தொட்டி மேட்டில் ஏறினால் இரண்டு கோடு.
காட்டெருமை மேய்ந்தால் அன்று விடுமுறை.

வெள்ளிக் கம்பி வளைக்கப் பழகினேன்,
விரல் நுனிகள் பழகவில்லை.
வந்த கேள்வி ஒன்றே ஒன்று: எந்த ராசிக்கு?
கண்ணுக்கு, என்று எழுதினேன்.
அன்று முழுவதும் யாரும் பேசவில்லை.

பிறகு போகத் தொடங்கின.
ஒரு குழி காலியானால் கணக்கில் ஒரு வரி ஏறும்.
செவ்வந்திக்கல் போன இரவு
அரிசி மூட்டையை இறக்கிவிட்டு
அட்டையைத் திறந்து பார்த்தேன்,
பல் விழுந்த இடத்தை நாக்கு தேடுவதுபோல.

சுரண்டை ஆவுடைத்தங்கம் வாங்கியது பளிங்கு.
தண்ணீர் நிறம்.
நடுவில் பொன்னிழை ஒன்று,
யாரோ குனிந்து பார்த்தபோது
உதிர்ந்து உறைந்ததுபோல.
எட்டு நாளில் பெட்டி திரும்பி வந்தது.
உள்ளே துண்டுக் காகிதம்:
"கல்லுக்குள் முடி இருக்கிறது. சோற்றில் கிடந்தாலே
நான் எழுந்துவிடுவேன்."

எண்ணூற்று நாற்பது ரூபாய்.
இவ்வளவு சந்தோஷமாகப் பணத்தைத் திருப்பிக் கொடுத்த வியாபாரி
இந்த மலையில் நான் ஒருத்திதான்.
கல்லை அதன் குழியில் வைத்தேன்.
இரண்டு நாள் வைத்திருந்தேன்.

மூன்றாம் நாள் மின்கட்டணம்.

வெளிச்சம் வந்ததும் புதிதாகப் படம் எடுத்தேன்.
முன்பு எழுதியிருந்த "தூய, மாசற்ற" என்பதை அழித்தேன்.
எழுதினேன்:
உள்ளே முடி இருக்கிறது.
வாங்கியதே அதற்காகத்தான்.
பிடிக்காதவர்கள் வாங்க வேண்டாம்.
விலை ஆயிரத்து நூறு.

மேட்டிலிருந்து இறங்குவதற்குள் மூன்று பேர்.
ஒருவருக்குத்தான் கொடுக்க முடியும்.
எந்த ராசி என்று கேட்காதவருக்குக் கொடுத்தேன்.

கூரியர் ஜோகி ஸ்கூட்டரை அணைக்காமல் நின்றான்.
பெட்டியைக் காதருகே ஆட்டிப் பார்த்தான்.
"உடையுமா அக்கா? உள்ளே என்ன?"
"முடி."
ஒருமுறை என்னைப் பார்த்தான்,
ஒருமுறை பெட்டியை.
பிறகு கேட்காமல் பையில் போட்டுக்கொண்டு
மேட்டுப்பாளையம் சாலையில்
கொண்டை ஊசி வளைவுகளுக்குள் இறங்கினான்.